தட்டிக்குப் பின்னால் கௌரியம்மாள்

"மேற்படி தெருப் பொறுப்பாளராக நியமிக்கப்படும் மாது பதற்றமற்றவராகவும், உரத்த குரலில் பேசும் வழக்கம் இல்லாதவராகவும், எழுதப் படிக்கத் தெரிந்தவராகவும், அண்டை அயலாரிடம் மனத்தாங்கல் ஏதும் இல்லாதவராகவும், தன் குழந்தை பிறர் குழந்தை என்ற பேதம் பாராட்டாதவராகவும் இருத்தல் வேண்டும்."

1942-ஆம் வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கையோடு வந்த சர்க்கார் சுற்றறிக்கையின் வாசகம் இது. ஜப்பான்காரன் ஆகாய விமானத்தில் வந்து குண்டு போடுவான் என்று சென்னைப் பட்டணம் பாதி காலியாகியிருந்தது. திருத்தணியில் குண்டு விழும் என்று யாரும் நம்பவில்லை. விழாது என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் தயாராக இல்லை. அப்படி ஒன்று நேர்ந்தால் பெற்றோர் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்து ஒருவரை ஒருவர் மிதித்துக்கொள்ளக் கூடாது, தெருவுக்கு ஒரு பெண்மணி மட்டும் வந்து அந்தத் தெருப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மலையடிவாரப் பள்ளிக்கூடத்தின் பெரிய வாத்தியார் சாமிநாதன் பெற்றோரைக் கூட்டி வைத்து இதை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்.

படித்து முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல், தாலுகா கச்சேரிக்கே கேட்கும்படி எழுந்தது.

"எங்க தெருவுக்கு நான் கீறேன். எழுதிக்கோங்க வாத்தியாரே!"

ஜட்கா வண்டி ராஜமாணிக்கத்தின் மனைவி கௌரியம்மாள்தான். அடுத்த வீட்டுப் பூக்காரர் துரைக்கண்ணு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நல்ல யோசனைங்க. இது கத்தினா ஜப்பான்காரன் பயந்துகினு அப்படியே திரும்பிப் போய்டுவான்."

கூட்டம் சிரித்தது. கௌரியம்மாளும் சிரித்திருப்பாள். ஆனால் சிரித்தவர்களில் தன் ஓரகத்தி தமயந்தியும் இருந்ததைப் பார்த்துவிட்டாள். தமயந்தி பல் தெரியாமல்தான் சிரித்தாள். அதுதான் கௌரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

கௌரியம்மாளைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எதற்காகத் தெரியும் என்பதும் தெரியும். அவள் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு சட்டிக் கூழைப் பல பேர் பங்கு போட்டுக் குடித்த வீடு அது. அடுத்தவள் கிண்ணத்தைப் பார்க்காமல் குடித்த பெண் அங்கே இளைத்துத்தான் போவாள். கௌரியம்மாள் இளைக்கவில்லை. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகு கூழுக்குப் பஞ்சம் போயிற்று. பார்வை மட்டும் போகவில்லை. எதிர்வீட்டு எருமை கூடுதலாகக் கறந்தால் இவள் வீட்டில் பாத்திரம் உருளும். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு யாத்ரீகர்களை ஏற்றிவிட்டு வரும் ராஜமாணிக்கம், வண்டியை அவிழ்த்ததும் குதிரைக்குக் கொள்ளு வைத்த பிறகுதான் கைகால் கழுவுவார். அதனால் அவளுக்குக் குதிரையிடமும் மனத்தாங்கல் உண்டு. சுவாமி விஷயத்திலும் அவள் விட்டுக்கொடுத்தவள் அல்ல. முருகன் வள்ளியைக் கல்யாணம் செய்துகொண்ட மலை என்று ஊரே பெருமை பேசும்போது, அவள் மலை ஏறித் தெய்வானைக்கு மட்டும் பூ சாத்திவிட்டு இறங்குவாள். "முதல்ல வந்தவ இருக்கச் சொல்லோ இன்னா கல்யாணம்?" என்பது அவள் கேள்வி. குருக்கள் யாரும் இதற்குப் பதில் சொல்ல முயன்றதில்லை.

அந்தத் தெய்வானையிடம் பல வருஷம் முறையிட்ட பிறகு பிறந்தவள்தான் சந்திரா. எட்டு வயது. கௌரியம்மாளுக்கு உலகத்தில் பங்கு போட விருப்பமில்லாத பொருள் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பெண்தான்.

பங்கு கேட்காமலே ஒருத்தி வந்து சேர்ந்தாள். சித்திரை மாதத்தில் பட்டணத்து ரயில்களெல்லாம் மூட்டையும் முடிச்சுமாக வந்துகொண்டிருந்தபோது, பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் கொழுந்தன் தங்கவேல் தன் மனைவி தமயந்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நெலமை சரியான ஒடனே கூப்டுகினு போறேன் அண்ணி" என்று போனான். ஆனியிலும் நிலைமை சரியாகவில்லை. தமயந்தி எட்டாவது வரை படித்தவள். பெரம்பூரில் சர்க்கார் நடத்திய ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் தற்காப்பு வகுப்புக்குப் போய், குண்டு விழுந்தால் எங்கே படுப்பது, காதில் எதை அடைப்பது என்றெல்லாம் கற்றவள். குழந்தை இல்லாதவள். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். அவளைப் பற்றிக் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கௌரியம்மாள் இரண்டு மாதமாகத் தேடியும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய குறையாகத் தோன்றியது.

பெரிய வாத்தியார் சுற்றறிக்கையை மடித்துக்கொண்டே தமயந்தியைப் பார்த்தார். "நீங்க இருங்கம்மா" என்றார். வாசகம் அவளை உட்கார வைத்து எழுதியது போல இருக்கும்போது அவர் வேறு என்ன செய்ய முடியும்?

"அக்கா இருக்கறாங்களே, அவங்க..." என்று தமயந்தி இழுத்தாள்.

"உங்கக்காவுக்குத் தனியா ஒரு சர்க்கார் உத்தரவு வரட்டும்" என்றார் துரைக்கண்ணு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கௌரியம்மாள் பேசவில்லை. அவள் பேசாமல் வந்ததைப் பார்த்துத் தெரு கவலைப்பட்டது.

குடும்பங்கள் செய்ய வேண்டியவையும் சுற்றறிக்கையில் இருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துணிப்பை கொண்டுவர வேண்டும். அதில் ஒரு கைப்பிடி பொரி, காதில் வைக்கப் பஞ்சு, தகப்பன் பெயரும் தெருவும் தைத்த துண்டுத் துணி. பள்ளிக்கூடத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். மணலில் சின்ன வகுப்பு 'அ' எழுதிப் பழகியது. தண்ணீரை மதியத்துக்குள் குடித்துவிட்டார்கள். பைகள் மட்டும் ஒழுங்காக வந்தன. தமயந்தி சந்திராவுக்குப் பச்சைக் கிளி பின்னிய பை தைத்தாள். கௌரியம்மாள் அன்று சாயங்காலமே பழைய புடவையைக் கிழித்து, பெரிய பையாக, இரட்டைத் தையல் போட்டு இன்னொன்று தைத்தாள். சந்திரா இரண்டு தோளிலும் இரண்டு பை மாட்டிக்கொண்டு போனாள். பொரி எந்தப் பையிலிருந்து முதலில் தீர்ந்தது என்று கௌரியம்மாள் தினமும் பார்த்தாள். கிளிப்பைதான்.

அடுத்தது, ஆபத்தை எப்படி அறிவிப்பது என்பது. பட்டணத்தில் சங்கு ஊதுவார்கள். இங்கே தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. அதைத் தட்டினால் பிள்ளைகள் சோற்றுக்கு ஓடும். தமயந்திதான் யோசனை சொன்னாள்.

"பயந்தா பிள்ளைங்க கத்தத்தான் கத்தும் சார். நிறுத்த முடியாது. ஆளுக்கொண்ணு கத்தாம எல்லாம் ஒண்ணாக் கத்தச் சொல்லுங்க. பயமும் போயிடும், தெருவுக்கும் கேக்கும். 'அரோகரா'ன்னு கத்தட்டும்."

பெரிய வாத்தியார் அதிசயித்தார். முருகன் மலைக்குக் கீழே இதைவிடப் பொருத்தமான கூப்பாடு கிடையாதுதான். முதலில் அரோகரா, பிறகு பின்பக்கச் சுவரோரமாகக் குப்புறப் படுப்பது, பொறுப்பாளர் வந்து எழுப்பும்வரை அசையாமல் இருப்பது. எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பொறுப்பாளர் கடைசியாக வெளியேறுவது. வெள்ளிக்கிழமைதோறும் ஒத்திகை நடந்தது. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

"யோசனையாம் யோசனை" என்று கௌரியம்மாள் ராஜமாணிக்கத்திடம் சொன்னாள். "அரோகரா இன்னா அவ பெரம்பூர்லருந்து கொண்டாந்ததா? நம்ம ஊர்ல கீறது."

"ஆங்" என்றார் ராஜமாணிக்கம், குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே.

ஒத்திகையைவிட மோசமானது மத்தியானச் சோறு. சந்திரா வீட்டில் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிற பெண். பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோகும் வேலையை, "நீங்க அடுப்புக்கிட்ட கஷ்டப்படறீங்க, நான் போறேன் அக்கா" என்று தமயந்தி எடுத்துக்கொண்டாள். பாத்திரம் துடைத்தது போலத் திரும்பி வந்தது.

"கத்திரிக்கா இன்னா ஆச்சுடி?" என்று கேட்டாள் தாய்.

"துன்னுட்டேன். சித்தி ஊட்டினாங்க."

பெண் சொன்ன இந்த வார்த்தைகள் கௌரியம்மாளை அடுத்த நாள் மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தின.

சின்ன வகுப்புகள் நடந்தது ஓட்டுக் கட்டடத்தில் அல்ல, பக்கத்திலிருந்த கூரைக் கொட்டகையில். முன்புறம் ஒரே வாசல். பின்புறம் இடுப்பளவு மண்சுவர், அதன்மேல் பனையோலைத் தட்டி. தட்டியின் மூங்கில் பட்டைகளையெல்லாம் வெளிப்பக்கமிருந்து கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருக்கும் குறும்புக்காரர்கள் அவிழ்க்காமல் இருக்க அப்படி. வெளியே நிற்கும் குறும்புக்காரியை யாரும் நினைக்கவில்லை. கௌரியம்மாள் ஓலையை விலக்கி ஒரு கண்ணை வைத்தாள். உள்ளே சந்திரா வாயைத் திறந்து, தமயந்தி கையிலிருந்து கத்தரிக்காயை வாங்கிக்கொண்டிருந்தாள்.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்றால் மனிதர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பொறாமைக்காரர்கள் மறுநாளும் வருவார்கள். வறட்டி பொறுக்கும் சாக்கில் கூடையோடு வருவாள். சந்திரா எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறாள், எத்தனை சிரிப்பு சிரிக்கிறாள், தமயந்தி எழுந்து போனால் எவ்வளவு தூரம் பின்னால் போகிறாள் என்று பார்ப்பாள். பெண் எப்போதும் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போவாள். விடச் சொன்னாலும் விடுவதில்லை. இதை அந்த ஊரில் கௌரியம்மாளை விட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. சரியாகத் தெரியவில்லையே என்று ஒருநாள் ஒரு கட்டை அவிழ்த்தாள். இன்னொரு நாள் அடுத்த கட்டு. ஆடி பிறந்தபோது அந்தத் தட்டி பாதிக்கு மேல் அவளுடைய மனசைப் போலவே ஆடிக்கொண்டிருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. ஆந்திரப் பக்கத்திலிருந்தும் பொதட்டூர்பேட்டை வழியாகவும் காவடிகள் வரத் தொடங்கிவிட்டன. அரோகரா என்று குரல் கேட்டாலே தெருப் பெண்கள் மஞ்சள் கரைத்த தண்ணீர்க் குடத்தோடு வாசலுக்கு ஓடுவார்கள். வெயிலில் நடந்து வந்த காவடிக்காரர்களின் காலில் ஊற்றினால் புண்ணியம். அதற்காகக் குடங்கள் நிறைந்து வாசலிலேயே இருக்கும்.

அன்றும் சோற்று நேரம். கௌரியம்மாள் தட்டிக்குப் பின்னால் இருந்தாள். பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒரு காவடிக் கூட்டம் தேங்காய் உடைத்துக் கட்டிக் கட்டியாகக் கற்பூரம் ஏற்றிவிட்டு நகர்ந்திருந்தது. ஆடிக் காற்று கற்பூரத் தீ பற்றிய சருகொன்றைத் தூக்கிக் கொட்டகைக் கூரையின் முன்விளிம்பில் வைத்தது. காய்ந்த ஓலை. ஓட்டுக் கட்டடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரிய வாத்தியார் எச்சில் கையோடு ஓடி வருவதற்குள் வாசலின் மேல் தீ தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே சின்னப் பிள்ளைகளும் தமயந்தியும். பிள்ளைகள் பயந்தன. பயந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் ஒரே குரலில் "அரோகரா!" என்று கத்திவிட்டு, பின்சுவரோரமாகப் போய் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொண்டன. ஒத்திகையில்கூட இவ்வளவு ஒழுங்காகப் படுத்ததில்லை. தீ மேலே இருந்தது. எழுந்து ஓட வேண்டிய சமயத்தில் அவை அசையாமல் இருந்தன.

தெருவில் பெண்கள், "இன்னொரு காவடி வந்துகினு கீது" என்று குடத்தை இடுப்பில் எடுத்தார்கள். அவசரப்படவில்லை, காவடி மெதுவாகத்தான் வரும்.

தெருப் பெண்களில் காவடி இல்லை என்று தெரிந்தது கௌரியம்மாளுக்கு மட்டும்தான்.

"ஏண்டி தமயந்தி! இங்கே! பின்னாடி!" என்று கத்தினாள். அந்தக் குரல் தீயின் சத்தத்தையும் தாண்டிப் போயிற்று.

அவிழ்த்து வைத்திருந்த தட்டி ஒரே இழுப்பில் பாதி வந்தது. மீதிக்கு மூங்கில் பட்டையைக் காலால் உதைத்து ஒடித்தாள்; கையில் சிராய் ஏறியது தெரியவில்லை. சுவருக்கு மேலே ஓர் ஆள் நுழையும் வழி பிறந்தது. புகைக்குள்ளிருந்து தமயந்தியின் முகம் வந்தது.

"அக்கா, நீங்க எப்படி இங்க?"

"வறட்டி பொறுக்கினு இருந்தேன். பேசாத, பிள்ளைய எடுத்துக் குடு!"

தமயந்தி பதறவில்லை, சுற்றறிக்கை சரியாகத்தான் ஆளைத் தேர்ந்திருந்தது. படுத்திருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்பி, கையில் அகப்பட்ட வரிசைப்படி சுவருக்கு மேல் தூக்கிக் கொடுத்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கவில்லை. கௌரியம்மாள் பார்த்தாள். ஒவ்வொரு தலையும் மேலே வரும்போதும் இது சந்திராவா என்று பார்த்தாள். இல்லை என்றதும் எதிர்வீட்டு எருமைக்காரியின் மகனையும், துரைக்கண்ணுவின் பேத்தியையும் திட்டிக்கொண்டே வாங்கி, பின்னால் இறக்கி, "ஓடு குளத்தாண்ட!" என்று முதுகில் ஒன்று வைத்து அனுப்பினாள்.

கடைசியில் சந்திரா. தமயந்தி அவளைத் தூக்கினாள், பெண் வரவில்லை. இரண்டு தோளிலும் பையோடு, தமயந்தியின் முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தது.

"அம்மாகிட்ட போடி கண்ணு!"

"சித்தி வந்தாத்தான் வருவேன்!"

"நான் கடைசியாத்தான் வரணும், நீ போ!"

"மாட்டேன்! நீ வரமாட்டே!"

கௌரியம்மாள் சுவருக்கு மேலே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். ஓலை நெருப்பு பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கைகளைப் பெண் பார்த்தது. பார்த்துவிட்டு முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இத்தனை நாள் தட்டி ஓட்டையில் கண்ணை வைத்துத் தேடியதைக் கௌரியம்மாள் இப்போது ஓட்டை இல்லாமலே பார்த்தாள்.

"பிச்சு எடுத்துத் தள்ளட்டுமா அக்கா?" என்று தமயந்தி இருமிக்கொண்டே கேட்டாள். பிய்க்க முயன்றும் பார்த்தாள். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று ஒட்டிக்கொண்டது.

சித்தியும் பெண்ணும் வெளியே வந்துவிட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். எப்படி என்பதில்தான் பல பேச்சு. மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்த பெண்கள், காவடியைக் காணாமல் தீயைக் கண்டார்கள். காலில் ஊற்ற வைத்திருந்ததைக் கூரையில் ஊற்றினார்கள். தீ அடங்கியது. கொட்டகை போயிற்று, பிள்ளைகள் போகவில்லை. தங்கள் தண்ணீர்தான் எல்லோரையும் காப்பாற்றியது என்பது அவர்கள் கட்சி. முருகனே காவடி வந்ததாகக் காதில் சொன்னான் என்பது துரைக்கண்ணுவின் கட்சி. தாயார் பெண்ணை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள் என்று எருமைக்காரி சொன்னாள். அவளுக்கு எந்த விஷயத்திலும் கௌரியம்மாள் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது, தன் மகனை வாங்கி இறக்கியவள் என்ற விஷயத்திலும்கூட.

பெரிய வாத்தியார் தாலுகா கச்சேரிக்கு அறிக்கை எழுதினார். "தெருப் பொறுப்பாளர் விதிகளை முற்றிலும் அனுசரித்து, நிதானம் தவறாமல், யாவரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியேறினார். அச்சமயம் அப்பக்கம் வந்த ஒரு மாதும் உதவினார்." சுதந்திரத்துக்கு முன்னாலிருந்த சர்க்கார் என்றாலும் பாராட்டுவதில் கஞ்சத்தனம் இல்லை, தமயந்திக்குக் கூட்டம் போட்டு ரோஜா மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றி அவள் கௌரியம்மாள் கழுத்தில் போட வந்தாள்.

"ஒனக்குப் போட்டது எனக்கு எதுக்குடி? எனக்குப் போடணும்னா புதுசா வாங்கச் சொல்லு" என்றாள் கௌரியம்மாள்.

ஐப்பசியில் தங்கவேல் வந்து மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். சந்திரா ஸ்டேஷன்வரை அழுதுகொண்டு போனாள். கௌரியம்மாள் அந்த அழுகையைக்கூடப் பொறுமையாகக் கேட்கவில்லை, "நான் செத்தா இப்படி அழுவியாடி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு சந்திரா கத்தரிக்காயைத் தட்டோரம் தள்ளினாளா இல்லையா என்று தெரியவில்லை. கொட்டகையைத் திரும்பக் கட்டி, ஓடு போட்டுப் பின்பக்கம் ஒரு வாசலும் வைத்தார்கள். கௌரியம்மாள் அந்த வழியே போகும்போதெல்லாம் நின்று ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். யாரைப் பார்க்கிறாய் என்று கேட்டால் யாரையும் இல்லை என்பாள்.

அறிக்கையில் ஒன்று தவறு. தமயந்தி கடைசியாக வெளியேறவில்லை. சுவருக்கு மேலே நீட்டிய கைகளால் கௌரியம்மாள் முதலில் ஓரகத்தியைத்தான் பிடித்து வெளியே இழுத்தாள்; முந்தானையைப் பிடித்துக்கொண்டு பெண் பின்னாலேயே வந்துவிட்டது.